வடக்கு வரிசை

எண்பத்தேழாம் நோயாளியின் எடை நாற்பத்தொன்றா நாற்பத்தேழா என்று டைப்பிஸ்ட் பெண் கேட்டதும் கல்யாணராமனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காகிதத்தை வாங்கிப் பார்த்தால் அவனுக்கே தெரியவில்லை. சொந்தக் கையெழுத்துதான். முந்தின நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கிய டூட்டி இன்றைக்குப் பத்து மணிக்குத்தான் முடிந்திருந்தது. கண்ணுக்குள் மணலை வாரிப் போட்டது போல எரிந்தது.

“ஒரு நம்பர்தானே சார், ரெண்டுல ஒண்ணப் போட்டுரட்டுமா?” என்றாள் அவள்.

“வேண்டாம்மா. நான் போய் வார்டு நோட்டுல பாத்துட்டு வரேன்.”

டைப் அடிக்கிற கடை இருந்த சிம்மக்கல்லிலிருந்து அவன் வேலை பார்க்கும் செல்லம்மாள் தர்ம ஆஸ்பத்திரிக்கு நடந்தால் பத்து நிமிஷம். மொத்தக் கடைகளின் கைவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, உச்சி வெயிலில் நடந்தான். வேறொருவன் என்றால் அவள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பான். எட்டு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையில் ஒரு புள்ளி பிசகக்கூடாது என்ற பிடிவாதம் அவனை இழுத்துக்கொண்டு போனது. அடுத்த வாரம் சென்னையில் டாக்டர்கள் மாநாடு. அதில் வாசிக்க வேண்டிய கட்டுரை அது.

டைஃபாய்டு காய்ச்சல்காரனுக்குச் சோறு போடலாமா கூடாதா என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாகக் கஞ்சிதான் சட்டம். பெரிய டாக்டர் வெங்கட்ரமணன் போட்ட சட்டம். குடல் புண்ணாகிக் கிடக்கிறது, சோறு இறங்கினால் கிழிந்துவிடும் என்பது அவர் கட்சி. மூன்று வாரம் வடிகட்டின கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்திருக்கிற ஆட்களைக் கல்யாணராமன் பார்த்திருக்கிறான். ஏர் பிடித்த கை டம்ளர் பிடிக்க நடுங்கும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு முதுகில் படுக்கைப்புண் வந்திருக்கும். பட்டினி போட்டால்தான் குடல் பிழைக்கும் என்பதை அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு வருஷம் மல்லுக்கட்டிய பிறகு பெரியவர் ஒரு நாள் சலித்துப்போய், “எண்ணிக்கையோட வாடா. வாயால பேசாதே. காட்டு, நான் சட்டத்த மாத்தறேன்” என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்த எட்டு மாதம். ஆண்கள் காய்ச்சல் வார்டில் முப்பது கட்டில். வடக்குச் சுவரை ஒட்டிப் பதினைந்து, தெற்குச் சுவரை ஒட்டிப் பதினைந்து. வருகிறவர்களை ஒருத்தரை வடக்கிலும் அடுத்தவரைத் தெற்கிலுமாகப் போட்டான். மாத்திரை எல்லாருக்கும் ஒன்றுதான். வடக்கு வரிசைக்குக் கஞ்சி, தெற்கு வரிசைக்குக் குழைந்த சோறும் ரசமும். சமையல்காரர் கருப்புக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் இப்படிச் சுவர் பிரித்துக் கொடுத்தது எவ்வளவு வசதி என்று அப்போது தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். நூற்றுப் பன்னிரண்டு பேர். காய்ச்சல் இறங்கிய நாள், வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்கு, எடை, வார்டில் கிடந்த நாட்கள் எல்லாவற்றையும் தன் கையால் எழுதினான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு வரிசைக்கும் வித்தியாசமே இல்லை. சோறு கெடுதல் செய்யவில்லை. செத்தது ஒரே ஒருவன், அவனும் கஞ்சி வரிசை. சோற்று வரிசைக்காரர்கள் கொஞ்சம் தேறியிருப்பார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் எடையும் ஒன்றுபோல வந்ததுதான் லேசாக உறுத்தியது. போகட்டும், கெடுதல் இல்லை என்று நிரூபித்தாலே போதும் என்று விட்டுவிட்டான்.

பாழாய்ப்போன அந்த எடையைப் பார்க்கத்தான் மதியம் பன்னிரண்டேகாலுக்கு வார்டுக்குள் நுழைந்தான். அந்த நேரத்தில் அவன் ஒருநாளும் வந்ததில்லை. காலை ரவுண்ட்ஸ் முடிந்தால் மூன்று மணி வரை வெளிநோயாளிகள், சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி ரவுண்ட்ஸ். இரவில் கூப்பிட்டால் கூப்பிட்டவனை மட்டும் பார்த்துவிட்டு, மங்கல் பல்பு வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறித் திரும்பிவிடுவான்.

கருப்பு சோற்று வாளியோடு தெற்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இருபத்துநாலாம் கட்டிலில் உட்கார்ந்து ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் காசிமாயன். ஒன்பதாம் கட்டில். வடக்கு வரிசை. கஞ்சி.

கல்யாணராமன் திரும்பிப் பார்த்தான். ஒன்பதாம் கட்டிலில் இருபத்துநாலாம் நம்பர் காளை அலுமினிய டம்ளரில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருபத்தைந்தாம் நம்பர். அடுத்து இருபத்தாறு. வார்டு முழுக்க இடம் மாறிக் கிடந்தது. வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும், பிசகில்லாமல், வரிசை குலையாமல் மாறிக் கிடந்தது.

“என்னய்யா இது?” என்று கத்தினான். குரல் அவனுக்கே அசிங்கமாகக் கேட்டது.

முப்பது பேரும் கையை எடுத்துவிட்டார்கள். காசிமாயன் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினார். வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்சாரி, ஐம்பது வயசிருக்கும், வார்டில் பேச்சுக்கு அவர்தான் முன்னால் நிற்பார்.

“முறைங்கய்யா” என்றார். “இன்னைக்குத் தெக்கு எங்களுக்கு. நாளைக்கு அவுகளுக்கு.”

“என்ன முறை?”

“வடக்க தலைய வச்சு எம்புட்டு நாளைக்குய்யா படுக்குறது? நல்லா இருக்கவனே படுக்க மாட்டான். நாங்க காச்சக்காரவுக. அதுக்குன்னு தெக்கால கெடக்கவுகளயே தெனமும் வடக்க படுன்னு சொல்லலாமா? அவுகளும் புள்ளகுட்டிக்காரவுகதான? வாய்க்காத் தண்ணி மாதிரி ஒரு நா விட்டு ஒரு நா முறை வச்சுக்கிட்டோம்.”

“திரும்பிப் படுக்கறதுதானே?”

“சிஸ்டரம்மா வையிறாகளே. தலை சொவத்துப் பக்கந்தான் இருக்கணுமாம்ல.”

சுவரோரம் தலை, நடைப்பக்கம் கால். அதுவும் பெரிய டாக்டரின் சட்டம்தான். கல்யாணராமன் வடக்குச் சுவரைப் பார்த்தான். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். பதினைந்து தலையணைகள். இரண்டரை வருஷத்துக்கு மேலாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை இந்தச் சுவரைப் பார்க்கிறான், வடக்கு வரிசை என்று அவனே பெயரும் வைத்தான், வடக்கே தலைவைத்துப் படுக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட மனசில் படவில்லை. அப்படிச் சொல்வதும் சரியில்லை. டூட்டி ரூமில் வடக்கே தலைமாடு இருந்த கட்டிலை, சேர்ந்த முதல் நாளே தான் திருப்பிப் போட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. யோசித்துச் செய்யவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுவது போலச் செய்திருந்தான்.

“யார் ஆரம்பிச்சது இதை?”

“தெரியலங்கய்யா. நான் வந்தப்பவே இருந்துச்சு. பக்கத்துக் கட்டில்காரரு சொல்லிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போனாரு.”

வார்டு ஆயா ராமக்காள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். எதற்கு இவ்வளவு சத்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“நீங்க வாரப்ப அவுகவுக எடத்துக்கு வந்துருவாகய்யா. நான்தேன் கதவத் தட்டிச் சொல்லுவேன். ஒரு நா கூடத் தப்புனதில்ல” என்றாள். அதில் பெருமை வேறு.

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க காச்சலக் கேட்டீக, பேதியக் கேட்டீக, பசிக்குதான்னு கேட்டீக. அம்புட்டுக்கும் சத்தியமாத்தான பதில் சொன்னாக. படுக்கையப் பத்தி நீங்க கேக்கலையே அய்யா.”

அவளை அறைந்துவிடலாம் போலிருந்தது. அடுத்த நிமிஷமே தன்னை யாராவது அறைந்தால் தேவலை என்றும் இருந்தது. ஆயாவுக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியாமல் இருக்காது, கருப்புக்குத் தெரியும், வந்து போன நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் ஆராய்ச்சி பண்ணினவன். அவர்கள் ஏமாற்றவும் இல்லை. டாக்டரய்யா மனசு நோகக் கூடாதென்று, காய்ச்சல் உடம்போடு தலையணையைத் தூக்கிக்கொண்டு தினமும் இரண்டு வேளை அவரவர் இடத்துக்கு ஓடி வந்திருக்கிறார்கள். மரியாதை! அந்த மரியாதைதான் அவனைக் கவிழ்த்துவிட்டது.

டூட்டி ரூமுக்குப் போய்க் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் எப்படி வரும்? இரண்டு வரிசையும் ஒன்றைத்தானே தின்றிருக்கிறது. ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் சோறு, எல்லாருக்கும். எடை ஒன்றுபோல வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? யாருக்கும் தெரியாமல் இதை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்ததை அவன் விரட்டவில்லை. பொய்தான், ஆனால் யாருக்கு நஷ்டம்? சோறு நல்லது என்று அவனுக்குத் தெரியும். எல்லாரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோறு தின்று பிழைத்துத்தானே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்? கட்டுரையை வாசித்தால் பெரியவர் சட்டத்தை மாற்றுவார். இனி வருகிறவன் பட்டினி கிடக்க மாட்டான். நான்காம் பக்கத்து அட்டவணைக்கு வந்தபோது அந்த நினைப்பு நின்றுவிட்டது. மரணம்: கஞ்சி, ஒன்று. சோறு, இல்லை.

தவசி. பத்தொன்பது வயசு. மூன்றாவது வாரம் குடலில் ஓட்டை விழுந்து, அறுவை மேஜையிலேயே போய்விட்டான். கஞ்சி குடித்தவனுக்கும் குடல் கிழியத்தானே செய்தது என்று கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தான். நல்ல வரி என்று நினைத்திருந்தான்.

ராமக்காளைக் கூப்பிட்டான். “அந்தத் தவசிப் பையன், ஞாபகம் இருக்கா? அவனுக்கு வயித்துவலி வந்த அன்னிக்கு எந்த வரிசையில இருந்தான்?”

“மறக்க முடியுமாய்யா? மாயக்கா மகன். அவ அழுத அழுக இன்னும் காதுல நிக்குது” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “அன்னைக்கு அவனுக்கு வடக்கு முறைதான். ஆனா பய ரொம்பத் துவண்டு கெடந்தான்னு மேலூர்க்காரரு ஒருத்தர் தன் எடத்தக் குடுத்தாரு. தெக்காலதேன் படுத்திருந்தான். ரசஞ்சோறு நாலு வாய் தின்னான். ‘நல்லாருக்கு ஆயா, இன்னுங் கொஞ்சம் ஊத்து’ன்னான். சாயங்காலந்தான் வலிக்குதுன்னு சுருண்டான்.”

அவள் போன பிறகு கல்யாணராமன் அந்த அட்டவணையை மறுபடி எடுத்தான். நாலு வாய் சோறு குடலைக் கிழிக்குமா? கிழிக்காது என்றுதான் அவன் படித்த அத்தனையும் சொல்கிறது. மூன்றாவது வாரத்தில் பச்சைத் தண்ணீர் குடித்தவனுக்கும் கிழிந்திருக்கிறது. ஆனாலும் தெரியாது. தெரிந்துகொள்வதற்காகத்தான் எட்டு மாதம் இதைச் செய்தான். இப்போது அந்த ஒன்றுதான் தெரியாது.

வீட்டில் மனைவி ஸ்யாமளா தட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்பி வந்திருந்தது. ஒரு வாரமாகவே அப்படித்தான். “ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் சோறு போடணும்னு சண்டை போடறேள். நீங்க சாப்ட்டு எத்தனை நாளாச்சு? கண்ணாடில பாத்தேளா?” என்றாள். அவன் சாதத்தைப் பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான். கடைசியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “அந்தப் பையனோட அம்மா எங்க இருக்கா?” என்று மட்டும் கேட்டாள். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் என்றான்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே பெரிய டாக்டரின் அறைக்குப் போனான். வெங்கட்ரமணன் டபராவில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தான். வடக்குச் சுவர், முறை, தவசி, நாலு வாய் சோறு, ஒன்றையும் விடவில்லை. கட்டிலைக் கிழக்கு மேற்காகத் திருப்பிப் போட்டு இன்னும் எட்டு மாதம் தாருங்கள், முதலிலிருந்து செய்கிறேன் என்றான்.

பெரியவர் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“திருப்பிப் போட்டா பதினெட்டுக் கட்டில்தான் கொள்ளும். மிச்சப் பன்னெண்டு பேரை வராந்தால போடறதா? டிரஸ்ட்ல என்னன்னு சொல்றது?” என்றார். “போறது விடு. நேர்மையா வந்து சொன்னியே, அது பெரிசு. மாநாட்டுக்கு நான் லெட்டர் போட்டுடறேன், உனக்கு உடம்பு சரியில்லைன்னு.”

“சாப்பாடு விஷயம் சார்?”

“என்ன சாப்பாடு விஷயம்? ஒரு பையன் சோறு தின்னுட்டுப் போயிருக்கான்.”

“சோத்தால போனான்னு நான் சொல்லல சார். தெரியாதுன்னு சொன்னேன்.”

“தெரியாதுன்னா கஞ்சிதான்” என்றார் பெரியவர். பேனாவைத் திறந்து சீட்டில் இரண்டு வரி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். “நீ ஒரு வாரம் லீவு எடுத்துண்டு தூங்கு. மூஞ்சியப் பாத்தா பேஷன்ட் மாதிரி இருக்கே.”

தெரியாது என்றால் ஏன் கஞ்சி, தெரியாது என்றால் ஏன் சோறாக இருக்கக் கூடாது, மூன்று வாரம் பட்டினி கிடந்து படுக்கைப்புண்ணில் போனவர்களை முப்பது வருஷமாக யார் எண்ணினார்கள் என்றெல்லாம் படி இறங்கும்போது வரிசையாகக் கேள்வி வந்தது. மேலே ஏறிப்போய்க் கேட்டிருக்கலாம். கால் வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பதினைந்து பேராவது இன்றைக்கும் சோறு தின்றிருப்பார்கள் என்ற எண்ணம்தான் அவனோடு கூடவே இறங்கி வந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி எங்கேயாவது தட்டுப்படும் என்று தேடிப் பார்த்தான். இல்லை.

லீவுக்கு எழுதிக் கொடுக்காமல் பன்னிரண்டு மணிக்கு வார்டுக்குப் போனான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது. இன்றைக்கு முறைப்படியே எல்லாரும் அவரவர் இடத்தில்தான் இருந்தார்கள். காசிமாயன் ஒன்பதில், காளை இருபத்துநாலில். வடக்கு வரிசைப் பதினைந்து பேரும் படுக்காமல், சுவரில் முதுகைச் சாய்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். கருப்பு ஒரே ஒரு வாளியோடு வந்தார். வடக்கு வரிசைக்கு ஊற்றினார். பிறகு தெற்கு வரிசைக்குத் திரும்பி அங்கேயும் அதையே ஊற்றினார். தட்டோடு கையை நீட்டியிருந்த காளை, தட்டில் விழுந்த கஞ்சியைப் பார்த்தார், கருப்பைப் பார்த்தார், கடைசியில் டாக்டரைப் பார்த்தார்.

ராமக்காள் வாசலோரம் நின்று மூக்கைச் சிந்தினாள். “எல்லாம் என் வாயால வந்த வெனை” என்றாள். “நான் கம்முனு இருந்திருக்கணும்.”

“உன்னால இல்லம்மா” என்றான் கல்யாணராமன். அவள் அதை நம்பவில்லை.

காசிமாயன் மெதுவாக எழுந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாறு நாள் காய்ச்சல்.

“அய்யா, தப்புத்தான்” என்றார். “நாங்க எடம் மாறுனது உங்களுக்குப் பிடிக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே மாறல. அவுகவுக எடத்துலயே கெடக்கோம். அதுக்காகச் சோத்த நிறுத்தாதீகய்யா. ஒரு நா விட்டு ஒரு நா சோத்தத் தின்னுதான் நாங்க உசுரோட கெடக்கோம்.”

“அதுக்காக நிறுத்தல பெரியவரே.”

“பெறகு எதுக்குய்யா?”

அவன் சொல்ல ஆரம்பித்தான். எண்ணிக்கை என்றான், ஒப்பிட்டுப் பார்ப்பது என்றான், பெரிய டாக்டர் என்றான். முப்பது முகமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பாதியில் அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை, நிறுத்திவிட்டான். ஏதோ தண்டனை, நாம் செய்த குற்றம் போதுமான அளவு மன்னிக்கப்படவில்லை என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும்.

காசிமாயன் தன் வரிசையை ஒரு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். “படுங்கப்பா” என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

“டாக்டரய்யா பாக்கட்டும். படுங்க.”

முதலில் அவரே கட்டிலில் ஏறினார். தலையணையைச் சுவரோரம் சரியாக வைத்து, வடக்கே தலையைச் சாய்த்து, கையிரண்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு நீட்டிப் படுத்தார். பக்கத்துக் கட்டில்காரர் படுத்தார். பிறகு அடுத்தவர். கட்டில் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுக்கொண்டு போய்க் கோடியில் நின்றன. எதிர்வரிசையில் கஞ்சித் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். பதினைந்து பேரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நகராமல், அவனைப் பார்த்தபடி கிடந்தார்கள்.